கோடு நிறையும் வரை

கோதைநாயகிக்குச் சிறந்த வடிவமைப்புக்கான விருதை வாங்கிக் கொடுத்தது ஒரு பச்சைக் கோடு. இடப் பக்கம் தொடங்கி வலப் பக்கம் போய் முடியும், அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு கோட்டுக்குப் போய் விருதா என்று அவள் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஏதோ ஒன்று இறங்குகிறது இறங்குகிறது என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, பாதி உயிரை விட்டவர்களுக்குத்தான் அந்தக் கோட்டின் அருமை தெரியும்.

அவள் வேலை பார்த்த கோயம்புத்தூர் நிறுவனம் 'கணையி' என்ற பெட்டியைச் செய்து வந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. சர்க்கரை நோயாளிகள் அதை வயிற்றில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அதுவே பார்க்கும், இன்சுலின் எவ்வளவு வேண்டும் என்று அதுவே கணக்குப் போடும், அதுவே செலுத்தவும் செய்யும். காலையில் வெறும் வயிற்றோடு லேப் வாசலில் வரிசை கட்டி நிற்கும் பிழைப்பு அதோடு ஒழிந்தது. அரசாங்கத் திட்டத்தில் ஏழைகளுக்கு இலவசமாகவே கிடைத்தது. மாதம் ஒருமுறை பெட்டிக்குப் புது மென்பொருள் செல்போன் டவர் வழியாக வந்து இறங்கும்.

அது இறங்கும்போது பெட்டியின் சின்னத் திரையில் என்ன தெரிய வேண்டும் என்பது கோதையின் பொறுப்பு. அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் திரை முழுக்க எண்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். இத்தனையில் இத்தனை வந்தது, வேகம் இவ்வளவு, இணைப்பு இல்லை, மீண்டும் முயல்கிறது. சிக்னல் மோசமான ஊர்களில் ஜனங்கள் இதைப் பார்த்துப் பயந்து, பெட்டியைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கோதை அத்தனையையும் வழித்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு கோட்டை வைத்தாள். மென்பொருள் இறங்குவது, இறங்கியது பெட்டியில் பொருந்துவது, பொருந்தியபின் உடம்பைச் சோதித்துப் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு கோடு. அதில் ஒரு சாமர்த்தியமும் செய்திருந்தாள். இணைப்பு அறுந்து ஒன்றுமே வராமல் போனாலும் கோடு நிற்காது, மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். நின்றால்தானே மனுஷன் பதறுகிறான்.

கோட்டுக்குக் கீழே ஒரு வரி எழுதினாள்: 'கோடு நிறையும் வரை எதுவும் உண்ண வேண்டாம்.'

அந்த வரிக்குக் காரணம் இருந்தது. புது மென்பொருள் பொருந்தியதும் கணையி ஒரு சோதனை டோஸ் மருந்தை விடும். சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து அந்த உடம்பின் போக்கைக் கற்றுக்கொள்ளும். நடுவில் யாராவது ஒரு வடையைக் கடித்து வைத்தால் கணக்கு குழம்பிவிடும். அவள் அலுவலகத்தில் வைத்துப் பார்த்தபோது ஆதி முதல் அந்தம் வரை அரை மணி நேரத்தில் முடிந்தது. அரை மணி நேரம் வாயைக் கட்டுவது ஒரு பெரிய காரியமா.

விருது வாங்கிய சில மாதங்களில் திருமூர்த்தி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோதையின் மேலாளர் அவர், உடுமலைப் பக்கத்துக்காரர், கோபம் வந்தால் மட்டும் 'ங்க' போட்டுப் பேசுவார்.

"ஏம்மா கோதை, மஞ்சக்கொம்புன்னு ஒரு எஸ்டேட்டு இருக்குது, தெரியுமா?"

"கேள்விப்பட்டதில்லைங்க சார்."

"மலை மேல. தேயிலை பறிக்கிற சனங்க. தமிழ்நாட்டுலயே சுகர் சராசரி அங்கதான் நல்லா இருக்குது. அதுவும் அப்டேட் வர்ற நாள்ல எல்லாம் சும்மா ஜம்முனு இறங்குது. நடுவரே அதைத் தனியா எடுத்துக் காட்டியிருக்குது, பாரு."

நடுவர் என்பது ஆள் இல்லை, அதுவும் ஒரு மென்பொருள்தான். எந்த அப்டேட் ஜனங்களுக்கு நல்லது செய்தது, எது கெடுத்தது என்று லட்சக்கணக்கான பெட்டிகளின் சர்க்கரை அளவை வைத்து அது தீர்ப்புச் சொல்லும். நல்லதை வைத்துக்கொள்ளும், கெட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். யாருக்கு எப்போது அனுப்புவது, எந்த வேகத்தில் அனுப்புவது என்பதுகூட அதன் பொறுப்பு. மனிதர்கள் கை வைத்தால் தப்பு வரும் என்று மேலிடத்தில் அந்த அதிகாரத்தை அதனிடமே கொடுத்துவிட்டார்கள்.

"நீ போய்ப் பேசி, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு வீடியோ எடுத்துட்டு வந்துரு. பக்கத்து மாநிலத்துக்காரங்க பெட்டி வாங்கறதா பேச்சு ஓடுது. இதைக் காட்டுனா மடங்கிருவாங்க. அடுத்த வாரம் அங்க புது அப்டேட் இறங்குது, அந்த நேரமாப் பார்த்துப் போ."

கோதைக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் கோடு ஒரு மலையையே குணப்படுத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

மஞ்சக்கொம்பில் அவளை வரவேற்றவர் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் ஆக்னஸ். ஒரு டாக்டருக்கு உண்டான வேலையை ஒரு நர்ஸின் சம்பளத்தில் செய்துகொண்டிருந்தவர். அப்டேட் முந்தின நாள் மத்தியானமே தொடங்கிவிட்டது என்றார்.

"நேத்து மத்தியானமா? இன்னுமா முடியல சிஸ்டர்?"

"இங்க அப்படித்தான் மேடம். மலை ஆச்சே. இந்த வருஷம் புது டவர்கூடப் போட்டாங்க. ஆனா அப்டேட் மட்டும் போன வருஷத்தைவிட மெதுவாத்தான் வருது."

மலை என்றால் இணைப்பு மெதுவாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை யார் போய்ச் சோதித்துப் பார்ப்பார்கள். கோதையும் பார்க்கவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பெண்கள் டவர் பாறைக்குப் போவார்கள் என்று ஆக்னஸ் அவளை அழைத்துப் போனார். டவருக்கு நேர் கீழே அகலமான ஒரு பாறை. இலைக்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டவரைப் பார்த்து வயிற்றைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சீக்கிரம் இறங்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. பாறையின் இன்னொரு ஓரத்தில் இலை லாரி டிரைவர் ஒருவர் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு, அம்பயரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாப் பெண்களின் கையிலும் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. "இது என்னங்கக்கா, கோயில் நோம்பியா?" என்று கோதை பக்கத்தில் இருந்த அம்மாளைக் கேட்டாள்.

அந்த அம்மாள் பெயர் இசக்கியம்மாள். நல்ல உயரம், வெற்றிலை போட்ட வாய், குரல் பாறைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். இரண்டு கையாலும் ஒரே வேகத்தில் கொழுந்து கிள்ளுவாள் என்று எஸ்டேட் முழுக்க அவளுக்குப் பேர்.

"காப்பு தாயி. பெட்டிக்குப் புதுசு இறங்க ஆரம்பிச்சா காப்பு கட்டிருவோம். கோடு நிறையுத வரைக்கும் பச்சத்தண்ணியைத் தவிர வேற ஒண்ணும் தொண்டையில இறங்காது. பெட்டி விரதம்னு பேரு."

"நேத்து மத்தியானத்துல இருந்தா?"

"பின்ன? பெட்டியில எழுதியிருக்கே, உண்ண வேண்டாம்னு. ஓசியில குடுத்த பொருளு, சொன்னபடி நடக்கலேன்னா பிடுங்கிட்டுப் போயிருவாங்கன்னு கொண்டாந்த ஆபீசர் சொன்னாரு. வாயைக் கட்டுதது கஷ்டமா இருந்துச்சு. அப்பத்தான் நம்ம முப்பிடாதி பேரைச் சொல்லிக் காப்பு கட்டிருவோம்னேன். அம்மனுக்குன்னு நெனச்சுட்டா பசி தெரியாதுல்லா."

கோதைக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாவம், இவ்வளவு சிரத்தையா என்று உருகிப்போய் வீடியோ எடுத்தாள். எல்லா வயிற்றிலும் பச்சைக் கோடு நிறையப் போகும் நேரம். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒருத்தி பெரிய தூக்குப் போசியைத் திறந்து தம்ளர்களில் எதையோ ஊற்றத் தொடங்கினாள். ஏலக்காய் வாசனை வந்தது.

"என்னது அது?"

"பானகம். காப்பு அவுத்ததும் ஆளுக்கு ஒரு தம்ளர்."

"வெல்லம் போட்டா? ஐயையோ, சுகர் இருக்கறவங்க பானகம் குடிக்கலாமுங்களா?" என்று கோதை தம்ளரைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், நீங்க சொல்றதில்லையா?"

ஆக்னஸுக்கு முகம் சுண்டிவிட்டது. "எத்தனையோ தடவை சொல்லியாச்சு மேடம். கேட்டாத்தானே. கம்பெனிக்காரங்க நீங்க சொன்னா கேப்பாங்க."

கேட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. கம்பெனியில் இருந்து வந்த பிள்ளை வேண்டாம் என்கிறது என்று பானகத்தை அப்படியே பாறைச் சரிவில் கொட்டினார்கள். கோடு நிறைந்தது. 'முடிந்தது' என்று திரையில் ஒரு பூ மலர்ந்தது. அந்தப் பூவும் கோதை வரைந்ததுதான். பெண்கள் காப்பை அவிழ்த்துச் செடியில் கட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கிச் சாப்பிடலாம் என்று எழுந்தார்கள்.

"தலை கிறுகிறுன்னு வருது" என்றாள் ஒருத்தி. "புதுசு இறங்குனா வாறதுதான், நட" என்றாள் இன்னொருத்தி. கூடையை எடுக்கக் குனிந்த இசக்கியம்மாள் அப்படியே முகம் குப்புற விழுந்தாள். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, பல் கிட்டிப்போயிருந்தது. அவளைத் தூக்க ஓடியவர்களில் இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். லாரி டிரைவர் செல்போனைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். இலை மூட்டைகளின் மேலேயே இசக்கியம்மாளைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆக்னஸ் நரம்பு கிடைக்காமல் தடவித் தடவிக் குளுக்கோஸ் ஏற்றினார். மற்றவர்களுக்கு ஆக்னஸ் வீட்டுச் சர்க்கரை டப்பா காலியானது.

இசக்கியம்மாளைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கோதையும் ஆக்னஸும் வெற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்கள்.

"கோதை, எனக்கு ஒண்ணு புரியல" என்று ஆக்னஸ்தான் ஆரம்பித்தார். 'மேடம்' போய்விட்டது. "இறங்கும்போது பெட்டி வேலை செய்யுமா, செய்யாதா?"

"செய்யுமுங்க. இறங்கும்போது பெட்டிக்கு எந்த வித்தியாசமும் இல்ல. சாப்பிட்டாலும் பார்த்து மருந்து விடும், சாப்பிடலேன்னாலும் பார்த்து நிறுத்திக்கும். கடைசி அரை மணி நேரந்தான்…" என்று சொல்லிக்கொண்டே வந்த கோதை நிறுத்தினாள்.

"கடைசி அரை மணி நேரம்?"

"சோதனை டோஸ் விடும். சாதாரணமா சாப்பிட்டுட்டு இருக்கற உடம்புக்கு அது ஒண்ணுமே பண்ணாது."

"ஒன்றரை நாள் பட்டினி கிடந்து, மலையேறி வேலை பார்த்த உடம்புக்கு?"

கோதை கட்டிலோரம் கிடந்த காலிச் சர்க்கரை டப்பாவை எடுத்து மூடினாள்.

"அப்ப அந்த வெல்லத்தண்ணிதான் இத்தனை மாசமா இவங்களைக் காப்பாத்தியிருக்கு" என்றார் ஆக்னஸ். "அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் அதைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"நான்தானுங்க கொட்ட வெச்சேன்" என்று சொல்லிவிட்டு கோதை அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். இறங்குவதற்கு ஒரு கோடு, பொருத்துவதற்கு ஒரு கோடு என்று இரண்டாகப் போட்டிருந்தால் இந்தப் பெண்கள் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்திருக்க வேண்டாம். கோடு ஊர்ந்துகொண்டே இருந்ததால்தான், இதோ முடியப் போகிறது இதோ முடியப் போகிறது என்று அடுத்த வேளையையும் தள்ளிப்போட்டார்கள். ஒரே கோடு அழகாக இருக்கிறது என்று அவளுக்கு விருது வேறு.

இசக்கியம்மாள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போய், பழையபடி மடங்கவில்லை. கொழுந்து கிள்ள முடியாது என்று நாற்றங்காலில் தண்ணீர் ஊற்றும் வேலையைக் கொடுத்தார்கள்.

கோதை ஊருக்கு வந்ததும் வீடியோவைத் திருமூர்த்தியிடம் கொடுக்கவில்லை, நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"திரையை மாத்திரு" என்றார் கடைசியில். "மத்ததை நான் பாத்துக்கறேன்."

மாற்றுவது பெரிய வேலை இல்லை. மேலே ஒரு கோடு: 'இறங்குகிறது. வழக்கம்போல் சாப்பிடலாம்.' அது நிறைந்தபின் கீழே இன்னொரு கோடு: 'பொருத்துகிறது. வயிறு காலியாக இருந்தால் இப்போது சாப்பிட்டுவிட்டுத் தொடங்கவும்.' தொடங்குவதற்கு ஒரு பட்டன். ஒன்றும் வராமல் நின்றுபோனால் கோடும் நிற்கும், 'நின்றிருக்கிறது' என்று பச்சையாகச் சொல்லும். பதறுகிறவர்கள் பதறட்டும். கேடு கெட்ட விஷயம் என்னவென்றால், இந்தப் புதுத் திரையும் ஒரு அப்டேட்டாகத்தான் போக வேண்டும். அது போய்ச் சேரும் வரை பெட்டியில் பழைய கோடு ஓடும், பழைய வரி தெரியும். உண்ணலாம் என்ற சேதியை உண்ண வேண்டாம் என்ற பலகைக்குப் பின்னால்தான் அனுப்ப முடியும்.

கோதை ஆக்னஸுக்கு போன் செய்து, இந்த ஒரு தடவை எல்லோரையும் சாப்பிட வைத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். நல்லவேளை, சின்னஞ்சிறிய மென்பொருள் பொதி என்பதால் காப்பு கட்ட நூல் எடுப்பதற்குள் இறங்கிவிட்டது. சோதனை டோஸும் அதற்குத் தேவைப்படவில்லை. அடுத்த மாத அப்டேட்டின்போது மஞ்சக்கொம்பில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. சோறு, குழம்பு, சாயங்காலம் பஜ்ஜி என்று எல்லாம் முறைப்படி நடந்தது என்று ஆக்னஸ் சொன்னபோது கோதைக்கு வெகு நாளைக்குப் பிறகு தூக்கம் வந்தது.

அந்தத் தூக்கம் நிலைக்கவில்லை. அதற்கடுத்த அப்டேட் கிளம்பிய அன்று திருமூர்த்தி அவள் மேஜைக்கே வந்து நின்றார். அவர் யார் மேஜைக்கும் வருகிற ஆள் இல்லை.

"கோதை, நடுவர் உன்ற திரையைத் திருப்பி எடுத்துருச்சு. இன்னைக்குக் காலையில மலைக்குப் போற பொதியில பழைய கோட்டைத்தான் வெச்சிருக்குது. அந்தக் கோடு முதல்லயே இறங்கி ஓட ஆரம்பிச்சிருச்சு."

"எதுக்குங்க சார்?"

"புதுத் திரை போனப்புறம் மலையில சராசரி ஏறிப்போச்சு. அதனால அது கெட்ட அப்டேட்டாம்."

"சாப்பிட்டா சுகர் ஏறத்தானுங்க செய்யும். பட்டினி கிடந்தா இறங்கத்தான் செய்யும். அது நோய் குணமாறதா?"

"எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியுது. அதுக்கு யாரும் பசின்னு ஒண்ணு இருக்கறதையே சொல்லலீங்களே. சர்க்கரை அளவைக் குறைக்கச் சொன்னோம், குறைக்குது." பேச்சின் நடுவில் யாருக்கென்று தெரியாமல் ஒரு 'ங்க' விழுந்துவிட்டிருந்தது. கோபத்தில் இருந்தார் என்று அதில்தான் தெரிந்தது.

"நிறுத்தச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன். மேலிடத்துல கூடிப் பேசி, நடுவருக்கு மேல கை வெக்கறதுன்னா மாசக் கணக்காகுமாம். அது வரைக்கும் மலையில யாருக்கும் ஒண்ணும் ஆகாதாம், ஏன்னா நெம்பருங்க நல்லா இருக்குதாம். நீ கிளம்பு. கேட்டா நான் அனுப்புனேன்னு சொல்லிக்கறேன்."

மறுநாள் சாயங்காலம் கோதை பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கையில் மஞ்சள் நூல். லாரி டிரைவர் அதே ஓரத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஆக்னஸ் ஒரு கூடை நிறைய வேக வைத்த மரவள்ளிக்கிழங்கை வைத்துக்கொண்டு தனியாக நின்றார். கிழங்கு ஆறிப்போயிருந்தது.

"நேத்துல இருந்து சொல்றேன், ஒருத்தரும் கை நீட்டல" என்றார் ஆக்னஸ். "போன தடவை பெட்டி சாப்பிடச் சொல்லுச்சு, சாப்பிட்டோம், இப்ப வேண்டாம்னு சொல்லுது, வேண்டாம்கிறாங்க. பானகத்தைத்தான் வாயால கெடுத்தாச்சு. இன்னொரு தடவை நம்ம பேச்சை எதுக்குக் கேக்கணும்?"

கோதை இசக்கியம்மாளின் வயிற்றைப் பார்த்தாள். கோடு முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டிருந்தது. நிறைவதற்கு முந்தின அரை மணி நேரத்தில் சோதனை டோஸ். முகத்தில் அதே வெற்றிலைச் சிரிப்பு இருந்தது, ஆனால் உதடு வெளுத்திருந்தது. இந்தத் தடவை விழுந்தால் எழுந்திருப்பாளா என்று ஆக்னஸாலும் சொல்ல முடியாது.

"அக்கா, சாப்பிடுங்கக்கா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"காப்பு கட்டியாச்சே தாயி. கட்டிட்டுச் சாப்பிட்டா சாமி குத்தம்லா."

"இது சாமி சொன்னது இல்லக்கா. பெட்டி சொன்னது."

"பெட்டி சொல்லித்தான கட்டுனோம்."

"பெட்டியில இருக்கற அந்த வரியை எழுதுனது நான். நானா உக்காந்து, ஒரு ஏசி ரூம்ல, பசின்னா என்னன்னு தெரியாம எழுதுனது. போன தடவை பானகத்தைக் கொட்டச் சொன்னதும் நான்தான். உங்க கை போனது என்னாலதான். ரெண்டும் தப்பு. இப்பச் சொல்றதுதான் சரி."

டிரைவரின் செல்போனில் யாரோ சிக்ஸர் அடித்த சத்தம் கேட்டது.

இசக்கியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மரத்துப்போன விரல்களை இடது கையால் நீவிவிட்டுக்கொண்டாள். "நீதானா அது" என்றாள். திட்டப் போகிறாள் என்று கோதை நினைத்தாள், திட்டினால் தேவலை என்றும் நினைத்தாள். இசக்கியம்மாள் கையை நீட்டினாள்.

"அப்ப நீயே அவுத்து விடு. பாதியில அவுக்கணும்னா கோயில்ல கட்டுனவங்கதான் அவுப்பாங்க. எங்க கையில இதைக் கட்ட வெச்சது நீ. நீ அவுத்தா குத்தம் இல்ல."

கோதை மண்டியிட்டு அந்த நூலை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது, அவிழ்க்க வெகு நேரம் பிடித்தது. அடுத்தவள் தானாகவே கையை நீட்டினாள். அதற்கடுத்தவளும் நீட்டினாள். வரிசை முழுக்க ஒவ்வொரு கையாக அவிழ்த்துக்கொண்டே போனாள். பின்னாலேயே ஆக்னஸ் கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் கொடுத்துக்கொண்டு வந்தார். சர்க்கரை நோயாளிகளுக்கு மரவள்ளிக்கிழங்கை ஊட்டுகிற நர்ஸ் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று முணுமுணுத்தார். பெண்கள் முதலில் கூச்சப்பட்டுப் பிட்டார்கள், பிறகு அள்ளினார்கள்.

நல்ல பசி. கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம் மட்டும்தான்.

கோதை தன் செல்போனை எடுத்தாள். இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால், டோஸ் விடுவதற்குள் எல்லோர் வயிற்றிலும் போதுமான அளவு விழுந்திருக்குமா என்று கணக்குப் போடலாம். பெட்டிகளில் ஓடுவது ஒப்புக்கு ஊர்கிற கோடு, அதை நம்ப முடியாது. உண்மையான எண்கள் பொறியாளர்களுக்கான பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கத்தைத் தட்டினாள். தட்டிய உடனே திறந்தது.

திறந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. படங்களும் வரைபடங்களும் நிறைந்த பெரிய பக்கம் அது, கோயம்புத்தூரிலேயே கொஞ்சம் திணறும். கோதை திரும்பி லாரி டிரைவரைப் பார்த்தாள். அவர் நேரலையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். போன தடவையும் பார்த்துக்கொண்டிருந்தார். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. அதே டவர், அதே பாறை.

அவள் மறுபடி தன் திரையைப் பார்த்தாள். மஞ்சக்கொம்பு, இணைப்பின் தரம்: மிக நன்று. அதற்குக் கீழே, நடுவர் அனுப்பும் வேகம். அந்த எண் ஏற்கெனவே சின்னதாகத்தான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் குறைந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு வந்து விழுந்தது: 'சர்க்கரை அளவு உயர்கிறது. பதிவிறக்கக் காலம் நீட்டிக்கப்படுகிறது.' பெண்கள் இன்னொரு வாய் எடுத்தார்கள். எண் இன்னும் குறைந்தது.

மலை மெதுவாக இல்லை. புது டவர் வந்த நாளில் இருந்து மலை மெதுவாக இருந்ததே இல்லை. இறங்க நேரமானால் இந்த ஜனங்களின் சர்க்கரை குறைகிறது என்று நடுவர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. அதனால் மாதாமாதம் சொட்டுச் சொட்டாக அனுப்பிக்கொண்டிருந்தது. யார் மீதும் அதற்குப் பகை இல்லை, சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தது. இப்போதும் அதைத்தான் செய்தது. இவர்கள் பட்டினி கிடக்கும் வரை காத்திருக்கப் போகிறது.

கோதை ஆக்னஸிடம் திரையைக் காட்டினாள். ஆக்னஸ் படித்துவிட்டுக் கூடையைக் கீழே வைத்தார்.

இசக்கியம்மாள் இரண்டாவது துண்டைப் பாதி தின்றிருந்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்திருந்தது. சேலையை விலக்கித் தன் வயிற்றுப் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். கோட்டைப் போட்ட ஆளே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டுவிட வேண்டியதுதானே என்று நிமிர்ந்தாள்.

"ஏ பிள்ள, இது நிறைய இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

கோதை இத்தனை வருடமும் சம்பளம் வாங்கியது அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான். இப்போதுதான் முதல் தடவையாக அவளுக்குச் சரியான பதில் தெரிந்திருந்தது.

"நீங்க சாப்பிட்டுட்டே இருக்கற வரைக்கும் நிறையாதுங்கக்கா."

இசக்கியம்மாள் சேலையை இழுத்துப் பெட்டியை மூடிக்கொண்டாள்.

"அப்ப நிறையாமலே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மரத்த கையால் கூடையைத் தன் பக்கம் இழுத்தாள்.